வடசென்னையில் குடோனை ஸ்டுடியோ ஆக்க 11 மாத அக்ரிமென்ட்: இறங்கலாமா?

மசிக்கறை

வணக்கம். நாங்கள் ஆறு பேர்: ஓவியம் மூவர், எட்சிங் (உலோகத் தகட்டை அரித்து அச்செடுப்பது) ஒருவர், பீங்கான் ஒருவர், கருங்கல் சிற்பம் ஒருவர். சேர்ந்து ஓர் இடம் தேடுகிறோம். இப்போதைக்கு இரண்டு இடம் படிந்திருக்கிறது.

முதலாவது தண்டையார்பேட்டையில் பழைய குடோன். தரைத்தளம் மட்டும், 2,800 சதுர அடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மெட்ரோ நடக்கிற தூரம். வாடகை 38,000, அட்வான்ஸ் பத்து மாதம். அக்ரிமென்ட் 11 மாதம்தான், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் ஓனர். இரண்டாவது மாதவரம் பக்கம், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. 2,000 சதுர அடி, 26,000.

குடோனில் வயரிங், தடுப்பு, சிங்க், கில்ன் (பீங்கான் சுடும் சூளை) மேடை எல்லாம் சேர்த்து 2,40,000 ஆகும் என்று கணக்கு. எதை எடுக்கலாம்? கையெழுத்துக்கு முன் என்ன பார்க்க வேண்டும்? போடுகிற பணம் நம்மிடமே நிற்க வழி உண்டா?

வில்லங்கம் பார்த்தவர்

முதலில் ஒரு வகுத்தல் போடுங்கள். 2,40,000-ஐ 11 மாதத்தில் பிரித்தால் மாதம் சுமார் 21,800. அப்படியானால் அந்தக் குடோனின் உண்மை வாடகை 38,000 இல்லை, கிட்டத்தட்ட 60,000. அதே செலவை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 4,000தான். வாடகையில் இரண்டாயிரம் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு வருடத்தைக் கேளுங்கள்.

11 மாதம் எங்கிருந்து வந்தது என்றால், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்தே ஆக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அந்தச் செலவைத் தட்டிக்கழிக்க வந்த பழக்கம் இது. ஐந்து வருடம் என்று வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் பலன் இல்லை. பதியாத பத்திரத்தைக் காட்டி அந்த ஐந்து வருடத்தைக் கோர்ட்டில் கேட்க முடியாது.

பதிய எவ்வளவு ஆகும்? 30 ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு, மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், ஆனால் 20,000-க்கு மேல் போகாது. உங்கள் 38,000-க்கு வருடம் 5 சதவீத ஏற்றம் வைத்தால் ஐந்து வருட வாடகை சுமார் 25.2 லட்சம். அட்வான்ஸை மூன்று மாதத்துக்குப் பேசி இறக்கி, அதையும் சேர்த்தால் 26.3 லட்சம். ஆக 26,300 + 20,000. அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 770 சொச்சம், ஆளுக்கு 130. போகும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? குத்தகை ஈ.சி.யில் (வில்லங்கச் சான்று) ஏறிவிடும். நடுவில் ஓனர் விற்றாலும் வாங்குகிறவர் உங்கள் குத்தகையோடுதான் வாங்க வேண்டும் (சொத்து மாற்றுச் சட்டம், 109ஆம் பிரிவு). மெட்ரோ ஓரத்து குடோனில் இதைவிடப் பெரிய காப்பு வாடகைதாரருக்குக் கிடையாது.

இன்னொன்று. "நியாய வாடகை கேட்டு மனு போடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பதில் வந்த 2017 வாடகைச் சட்டம் 22 பிப்ரவரி 2019 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் பேசின வாடகைதான் வாடகை, உச்சவரம்பு இல்லை. அட்வான்ஸ் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது என்று அதிலேயே உண்டு, ஆனால் 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை' என்றொரு வாலும் கூடவே உண்டு. பத்து மாதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இந்தச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. ஒப்பந்தம் எத்தனை மாதமானாலும் 90 நாளுக்குள் ரென்ட் அத்தாரிட்டியிடம் (வாடகை ஒப்பந்தம் பதியும் அரசு அதிகாரி) பதிய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம்.

பத்திரத்தில் இவை இருக்கட்டும்: ஐந்து வருடம் ஓனர் எழுப்பக் கூடாது, நீங்கள் மூன்று மாத நோட்டீஸில் போகலாம். ஆறு பேர் பெயரும் வர வேண்டும். ஒருவர் பெயரில் எடுத்து மற்றவர் பங்கு கொடுத்தால் அது உள்வாடகை. எழுத்துச் சம்மதம் இல்லாமல் செய்தால் அதையே காரணமாக வைத்து வெளியேற்றலாம். இடித்துக் கட்டுவதும் வெளியேற்றக் காரணங்களில் ஒன்று. அதனால் பில்டரோடு ஜாயின்ட் டெவலப்மென்ட் (சேர்ந்து புதிதாகக் கட்டும் ஒப்பந்தம்) கையெழுத்தானால் ஆறு மாத நோட்டீஸ், கழியாத செலவு திரும்ப வரும் என்று எழுதுங்கள். உதாரணமாக 24ஆம் மாதம் எழுப்பினால் 2,40,000-இல் மீதி 36 மாதத்துக்கான 1,44,000 ஓனர் தர வேண்டும். இந்தக் கணக்கையே உதாரணமாகப் பத்திரத்தில் போட்டுவிடுங்கள், பின்னால் வாய்ச்சண்டை வராது.

கிலோவாட்

மாடி வேண்டாம். காரணம் ஒரே கல்.

60 × 60 × 120 சென்டிமீட்டர் கருங்கல் துண்டு 0.43 கன மீட்டர். கருங்கல் கன மீட்டருக்கு 2.7 டன், ஆக 1,160 கிலோ சொச்சம். அது நிற்கிற இடம் 0.36 சதுர மீட்டர்தான், அதாவது சதுர மீட்டருக்கு மூன்று டன்னுக்கு மேல். குடியிருப்பு மாடித் தளத்துக்கு நம் ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை) வைக்கிற சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ. பலகை போட்டுப் பரப்பலாம் என்பார்கள். உளி வைத்து அடிக்கும்போது வருகிற அதிர்வை எந்தப் பலகையும் பரப்பாது. சிற்பமும் எட்சிங் பிரஸ்ஸும் தரையில்தான்.

அடுத்தது கரன்ட். 10 கிலோவாட் கில்னை சிங்கிள் ஃபேஸில் போட்டால் 43 ஆம்பியர் இழுக்கும். த்ரீ ஃபேஸில் சமமாகப் பிரித்தால் ஃபேஸுக்கு 14 ஆம்பியர். குடோனில் த்ரீ ஃபேஸ் இருக்கிறது என்று ஓனர் சொல்வதோடு விடாமல் ஈ.பி. அட்டையில் சாங்ஷன் லோடு (அனுமதித்த மின்சுமை) எவ்வளவு, எந்த டாரிஃப் (கட்டணப் பிரிவு) என்று பாருங்கள். ஐந்து கிலோவாட் சாங்ஷனில் பத்து இழுப்பதும் தப்பு, வீட்டு சர்வீஸில் பட்டறை ஓட்டுவதும் தப்பு. பிடித்தால் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் விழும், எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள். பில் ஓனர் பெயரில் வரும், பணம் உங்கள் அட்வான்ஸிலிருந்து போகும்.

சாங்ஷன் லோடை ஏற்றினால் நிலைக்கட்டணமும் கிலோவாட் கணக்கில் ஏறும், கில்ன் எரிந்தாலும் எரியாவிட்டாலும். அதனால் கில்னையும் வெல்டிங்கையும் ஒரே நேரத்தில் ஓட்டுவதில்லை என்று உங்களுக்குள் முடிவு செய்துகொண்டு லோடு கேளுங்கள். உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம். குடிசைத் தொழில் டாரிஃபில் பீங்கான் வேலைக்கு இடம் உண்டா என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

வயரிங்கைச் சுவருக்குள் புதைக்கவே வேண்டாம். வெளியே பைப் போட்டு, டி.பி.யை (கரன்ட் பிரியும் பெட்டி) பலகையில் ஏற்றி போல்ட் அடியுங்கள். கில்னுக்குத் தனி லைன், தனி எர்த். தடுப்பைச் செங்கலில் கட்டாமல் ஆங்கிள் ஃப்ரேமில் சிமென்ட் போர்டு மாட்டுங்கள். காலி செய்யும்போது எல்லாம் கழன்று கூட வரும். குத்தகைதாரர் தான் பதித்ததை, இடத்தை வந்தபோது இருந்த நிலையில் விட்டுவிட்டு, இடம் தன் கைவசம் இருக்கும்போதே எடுத்துப் போகலாம் என்று சொத்து மாற்றுச் சட்டத்தில் 108ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சுவரில் புதைத்த கம்பியை யார் நோண்டி எடுப்பது? 2,40,000-இல் பாதியாவது கழற்றக்கூடியதாக இருக்கும்படி திட்டம் போடுங்கள்.

தடுப்பு கூரை வரை போக வேண்டும். எட்டு அடியோடு நிறுத்தினால் கிரைண்டர் தூசி மேலே ஏறி அடுத்த அறையில் காயாத ஆயில் பெயின்டிங்கில் உட்காரும். கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு விஷம். தண்ணீர் விட்டு அறுங்கள், அந்த கிரைண்டருக்கு ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் கரன்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் ஓட்டாதீர்கள். எட்சிங்குக்கு நைட்ரிக் ஆசிட் வேண்டாம். அதன் புகை காற்றைவிடக் கனம், கீழேயே தேங்கும், மேலே மாட்டிய எக்ஸாஸ்ட் அதை இழுக்காது. ஃபெரிக் குளோரைடு போதும். ஆனால் பக்கத்தில் இரும்பு அலமாரி வைக்காதீர்கள், அரித்துவிடும்.

காலடிப்பேட்டை

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்தக் குடோன் எத்தனை நாள் நிற்கும் என்று யாரும் பார்க்கவில்லையே.

2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. இரண்டு கிரவுண்டு மனை என்றால் 4,800 சதுர அடி, அதில் 9,600 சதுர அடி கட்டலாம். மெட்ரோ ஓரத்தில் பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கினால் இன்னும் மேலே. அந்த மனையில் 2,800 சதுர அடி ஷீட் கொட்டகை நின்றால், ஓனர் உங்களிடம் வாங்குவது வாடகை இல்லை, பில்டர் வருகிற வரை காவல்கூலி. விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்துவிட்டது. கலைஞர்கள் வந்ததால் வடசென்னை விலை ஏறுகிறது என்று பேசுவது நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் மரியாதை. ஏற்றுவது ரயிலும் எஃப்.எஸ்.ஐ.யும்தான். அந்தக் கொட்டகையில் முன்பு லேத் பட்டறையோ பைண்டிங் கடையோ இருந்திருக்கும், அவர்கள் எந்த வாடகையில் காலி செய்தார்கள் என்று எதிர் டீக்கடையில் கேளுங்கள். அவர்களிடம் 22,000 வாங்கியவர் உங்களிடம் 38,000 கேட்கிறார் என்றால் தெருவுக்கே புது ரேட் நீங்கள்தான் வைக்கிறீர்கள்.

எந்த இடம் சீக்கிரம் இடிபடாது? நாலைந்து வாரிசு இருந்து பாகப்பிரிவினை ஆகாத சொத்து. தெரு குறுகல். பட்டாவில் குழப்பம் (அதிகம் இருந்தால் பத்திரம் பதிவதே சிக்கல், அது வேறு கதை). குறுகிய தெருவில் உயரமான கட்டடத்துக்கு அனுமதி கிடைக்காது, அதனால் பில்டர் திரும்பிப் பார்க்க மாட்டார். அங்கே கருங்கல் லாரியும் வராது, டாடா ஏஸ்தான், கல்லை முக்கால் டன்னுக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். மெட்ரோவிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளிப் பார்த்தால் இதே பரப்பு குறைவாகவே படியும்.

பூர்வீகச் சொத்தாக இருந்தால் எல்லா வாரிசும் கையெழுத்துப் போடணும். ஒருவர் மட்டும் போட்ட குத்தகையோடு ஐந்து வருடம் நிம்மதியாகத் தூங்க முடியாது.

வெள்ளக் கோடு பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஓனர் சொல்ல மாட்டார், சுண்ணாம்பும் அடித்திருப்பார். ஷட்டரின் கீழ்ப்பகுதியில் துரு எந்த உயரத்தில் நிற்கிறது, ஸ்விட்ச் பெட்டிக்குள் திருகாணி பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். எட்சிங் காகிதமும் டி.பி.யும் அந்தக் கோட்டுக்கு இரண்டு அடி மேலே போகட்டும்.

மசிக்கறை

அனைவருக்கும் நன்றி. மாடியை விட்டுவிட்டோம். ஓனரிடம் பேசினோம்: மூன்று வருடம் பதிந்து தருகிறார், அட்வான்ஸ் நான்கு மாதம், வாடகை 39,000. ஐந்துக்கு மசியவில்லை. ஓவியர்களுக்கு வடக்குச் சுவரில் பெரிய ஜன்னல் வைக்கலாமா? சொந்தமாகவே வாங்குவது பற்றியும் சிலர் பேசுகிறார்கள்.

சோழமண்டலம் வாசகர்

ஜன்னல் முதலில். "வடக்கு வெளிச்சத்தில் நேர்வெயில் விழாது" என்பது ஐரோப்பியப் புத்தகத்துப் பாடம். சென்னை 13 டிகிரி அட்சரேகை. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை நம் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஜூனில் அதிகபட்சம் பத்து டிகிரி, அதனால் ஐந்தடி உயர ஜன்னலுக்கு ஓரடி சன்ஷேடு நடுப்பகலைத் தடுத்துவிடும். தொல்லை காலையும் மாலையும்தான். வடகிழக்கிலும் வடமேற்கிலும் இருந்து சரிந்து வரும். இரண்டு பக்கமும் செங்குத்தாக ஒன்றரை அடிப் பலகை மாட்டுங்கள், கழற்றுகிற மாதிரி. சுவரை உடைக்காமல் கூரையின் வடக்குச் சரிவில் இரண்டு ஷீட்டை எடுத்துவிட்டு ஒளி ஊடுருவும் ஷீட் போடுவது மலிவு. ஆஸ்பெஸ்டாஸை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், முழு ஷீட்டாகக் கழற்றி நனைத்து இறக்குங்கள். பழைய ஷீட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது, பலகை மேல்தான் ஏற வேண்டும்.

மூன்று வருடம் மோசமில்லை, ஆனால் கணக்கை மாற்றுங்கள். 2,40,000 / 36 = மாதம் 6,666. செலவை 1,50,000-க்குக் குறைத்தால் 4,166. சிங்க், கில்ன் மேடை இரண்டும் இருக்கட்டும், மற்றதைத் தள்ளிப்போடுங்கள்.

வாங்குவது பற்றி: சென்னையில் அதற்கு முன்மாதிரி இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கரும் சக ஓவியர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது படம் விற்ற காசை மட்டும் நம்பவில்லை. கைவினைஞர் சங்கம் வைத்து பாட்டிக் துணி விற்றுச் சேர்த்த பணத்தில்தான் அந்த எட்டு, பத்து ஏக்கரை வாங்கினார்கள். அப்போது அது ஊருக்கு வெளியே கடற்கரை மணல். ஈ.சி.ஆர். விலை பின்னால் எவ்வளவு ஏறியும் அவர்களை யாரும் எழுப்ப முடியவில்லை என்றால், காரணம் பத்திரம் அவர்களிடம் இருந்ததுதான். லண்டனில் 1972இல் தொடங்கிய ஆக்மி (கலைஞர்களுக்கு இடம் பிடித்துத் தரும் அமைப்பு) நேர்மாறாக, இடிக்க வைத்திருந்த வீடுகளைக் குறைந்த வாடகைக்கு எடுத்து ஆரம்பித்தது. அப்படிப்பட்ட இடம் நிலைக்காது என்பதால் பின்னால் அவர்களும் கட்டடம் வாங்கத்தான் வந்தார்கள்.

இன்றைய விலையில் ஆறு பேர் நகருக்குள் வாங்குவது நடக்காது. ஆனால் இப்போதே சங்கமாகப் பதியலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் குறைந்தது ஏழு பேர் வேண்டும், இன்னொருவரைச் சேருங்கள். குத்தகையும் ஈ.பி.யும் வங்கிக் கணக்கும் சங்கத்தின் பெயரில் போனால் நடுவில் ஒருவர் விலகினாலும் பத்திரத்தைத் தொட வேண்டாம். துணைவிதியில் விலகுகிறவருக்கு அட்வான்ஸ் பங்கு எத்தனை நாளில், கில்ன் யாருக்கு என்று இன்றே எழுதுங்கள். பெரும்பாலான கூட்டு ஸ்டுடியோ ஓனரால் உடைவதில்லை, கரன்ட் பில்லைப் பிரிப்பதில் உடைகிறது. கில்னுக்கு ஒரு சப்-மீட்டர் மாட்டுங்கள். ஒரு முழுச் சூட்டுக்கு எழுபது யூனிட் அளவில் ஓடும், அதை ஓவியர்கள் தலையில் கட்ட முடியாது.

இடம் அமையும் வரை கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி மண்டல மையத்தில் விண்ணப்பியுங்கள். கிராஃபிக்ஸ், சிற்பம், பீங்கான், ஓவியத்துக்குத் தனித்தனி ஸ்டுடியோ உண்டு. எட்சிங் பிரஸ் வாங்கும் செலவை ஒரு வருடம் தள்ளிப்போடலாம்.

வில்லங்கம் பார்த்தவர்

மூன்று வருடம் என்றால் புதுப்பிக்கும் உரிமையையும் சேர்த்துக் கேளுங்கள்: "வாடகைதாரர் விரும்பினால் மேலும் இரண்டு வருடம், 8 சதவீத ஏற்றத்தில்." ஏற்றம் எவ்வளவு என்று எண் இருக்க வேண்டும். "பேசி முடிவு செய்யப்படும்" என்று எழுதினால் அந்த வரி இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

சாவி வாங்கும் நாளில் தரை, ஷட்டர், கூரை, மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து அன்றே ஓனர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். அட்வான்ஸில் கழிக்க வரும்போது முதலில் வருவது "தரை உடைந்திருக்கு" என்பதுதான்.