மின்தூண்டல்: வலது கை சாய்கிறது, இடது கை அசையவே இல்லை

தேன்சிட்டு:
கழுத்துத் தண்டுவடக் காயம், சி6 (ஆறாவது கழுத்து மட்டம்), ஏஐஎஸ் சி (முழுச் செயலிழப்பு அல்ல, காயத்துக்குக் கீழே கொஞ்சம் அசைவு மிச்சம்), 9 மாதம் ஆகிறது. வலது மணிக்கட்டைத் தூக்க முடிகிறது, விரல் விரியாது. இடதில் மணிக்கட்டே தூக்க வராது. இரண்டு சேனல் தசைத்தூண்டல் மெஷின், 5×5 செ.மீ. பேட். 50 ஹெர்ட்ஸ், 250 மைக்ரோசெகண்ட், 5 விநாடி ஓட்டம், 5 விநாடி ஓய்வு. வலது முன்கையின் பின்பக்கம் ஒட்டினால் 18 மில்லிஆம்பியரிலேயே அசைகிறது. ஆனால் விரல் விரிவதற்குப் பதில் கை சுண்டுவிரல் பக்கம் சாய்கிறது, ஐந்தே நிமிடத்தில் அதுவும் தொய்ந்துவிடுகிறது. இடதில் 45 வரை ஏற்றியும் ஒரு துடிப்புகூட இல்லை. இன்னும் ஏற்றலாமா? கழுத்தில் பேட் ஒட்டும் புது முறை இதற்கு உதவுமா?

கைமருத்துவம்:
ஏற்றாதீர்கள். முதலில் இடது லீடை (பேடுக்குப் போகும் ஒயரை) கழற்றி, வலது கையில் அசைகிற அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே அசைந்தால் ஒயரும் பேடும் சரி, சிக்கல் வேறு இடத்தில்.

இந்த மெஷின் தூண்டுவது தசையை அல்ல, தசைக்குப் போகும் நரம்பை. காயத்துக்குக் கீழே இருக்கும் இயக்க நரம்பணுக்கள் மூளையின் கட்டளை வராவிட்டாலும் உயிரோடு இருக்கும். அவற்றின் தசை மின்சாரத்துக்கு அசையும். அடி விழுந்த அதே மட்டத்து அணுக்கள் செத்திருந்தால், தசைக்கு வரும் நரம்பிழையும் போய்விடும். அப்படி நரம்பிழந்த தசையை நேரடியாகச் சுருக்க 10 மில்லிசெகண்டும் அதற்கு மேலும் நீளமான துடிப்பு வேண்டும். உங்கள் 250 மைக்ரோசெகண்ட் அதில் நாற்பதில் ஒரு பங்கு. மில்லிஆம்பியரை ஏற்ற ஏற்ற, உணர்வில்லாத தோல்தான் வெந்து போகும்.

என் கணக்கில் வலது கையைவிட இடது கைதான் அவசரம். நரம்பிழந்த தசைக்கு நரம்பு மாற்று அறுவை (வேலை செய்யும் வேறொரு நரம்பை அதற்கு இணைப்பது) செய்வதென்றால் காயமாகி ஓராண்டுக்குள், முடிந்தவரை சீக்கிரம் செய்ய வேண்டும். தள்ளிப்போனால் தசை நாராகிப் புது நரம்பை ஏற்காது. மின்சாரத்துக்கு அசையும் தசைக்கு இந்தக் கெடு இல்லை. ஈஎம்ஜியும் (தசையின் மின்சோதனை) நரம்புக் கடத்தல் சோதனையும் இந்த மாதமே எடுத்து, டெட்ராப்ளீஜியா (கழுத்துக் காயத்தால் கைகால்கள் செயலிழந்த நிலை) கை பார்க்கும் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முன்கை_பிசியோ:
வலது கைக்கு வருகிறேன். முன்கைக்கு 5×5 பேட் என்பது ஜமுக்காளம் விரித்த மாதிரி, பக்கத்துத் தசையெல்லாம் சேர்ந்து துள்ளும். சுண்டுவிரல் பக்கம் சாய்கிறதென்றால் அல்நா எலும்பை ஒட்டிய மணிக்கட்டுத் தசை முந்திக்கொள்கிறது. 3 செ.மீ. வட்ட பேட் வாங்கி, முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையிலிருந்து மணிக்கட்டு வரையிலான நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே, பின்பக்க நடுவில் ஒட்டுங்கள். இன்னும் சாய்ந்தால் கட்டைவிரல் பக்கமாக அரை அரை செ.மீ. நகர்த்துங்கள். இரண்டாவது பேட் மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே. கையைக் கவிழ்த்து வைத்துக் கண்டுபிடித்த இடம், கை திரும்பியதும் தோலோடு நகர்ந்துவிடும். அதனால் பயிற்சி செய்யப்போகும் நிலையிலேயே தேடுங்கள். கிடைத்ததும் பேனாவால் குறி.

தொய்வுக்குக் காரணம் 50 ஹெர்ட்ஸும் ஓய்வு போதாததும்தான். மின்தூண்டலில் அதே இழைகள் ஒன்றாக, மாறி மாறி ஓய்வெடுக்காமல் சுருங்குகின்றன. 30 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். 5 விநாடி ஓட்டம், 15 விநாடி ஓய்வு, மின்சாரம் மெல்ல ஏற 2 விநாடி, 10 நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. ஓய்வைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் விரலை விரிக்கக் காயம்பட்டவரே முயலட்டும், அந்த முயற்சியோடு மின்சாரம் சேரட்டும். சும்மா படுத்திருந்து வாங்கும் துடிப்பில் பலன் குறைவு.

ஒன்றை மறக்க வேண்டாம். மணிக்கட்டு மேலே தூக்கியிருக்கும்போது விரல்களையும் முழுக்க நீட்டினால் மடக்கும் தசைநாண்கள் இழுபட்டு நீண்டுவிடும். மணிக்கட்டைத் தூக்கினால் விரல் தானே மடங்கும் டீனோடெசிஸ் பிடி, சி6 ஆளுக்குப் பெரிய சொத்து. விரல் விரியும்போது மணிக்கட்டு தொங்கட்டும்.

வார்டு_சிஸ்டர்:
கழுத்துக் காயத்தில் பிபி திடீரென ஏறலாம், அதனால் முதல் சில நாள் தொடங்கும் முன்னும் நடுவிலும் பிபி பாருங்கள். வழக்கத்தைவிட மேல் அளவு 20 ஏறினாலோ, தலைவலி, முகச்சிவப்பு, வியர்வை வந்தாலோ மெஷினை அணைத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். இடுப்புக் கச்சையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் காரணம் அங்கேதான் இருக்கும். அப்படியும் இறங்காவிட்டால் உடனே மருத்துவமனை.

பேட் எடுத்ததும் தோலைப் பாருங்கள். பேட் அளவுக்குச் சீரான சிவப்பு அரை மணியில் மறைந்தால் பரவாயில்லை. புள்ளிபுள்ளியாக இருந்தால் ஜெல் காய்ந்திருக்கிறது, பேடை மாற்றுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு இதெல்லாம் கூடாது.

கைமருத்துவம்:
கழுத்துத் தூண்டல் பற்றி. 2024-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த அப்-லிஃப்ட் ஆய்வில் 60 பேர். இரண்டு மாதம் பயிற்சி மட்டும், அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு தூண்டல். 72 சதவீதத்தினருக்குப் பலமும் செயல்பாடும் இரண்டுமே கூடின. தனி ஒப்பீட்டுக் குழு கிடையாது என்பதை மனதில் வையுங்கள். அந்த ஆய்வில் பயன்படுத்திய ஆர்க்-எக்ஸ் கருவிக்கு அமெரிக்க எஃப்டிஏ (மருந்து, கருவிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு) அதே ஆண்டு டிசம்பரில் அனுமதி தந்தது. அது உணர்வு நரம்பு வேர் வழியாக இயக்க அணுக்களை உசுப்பும் முறை. அணுவே இல்லாத இடத்தில் உசுப்ப ஒன்றுமில்லை. வலது கைக்குக் கேட்டுப் பார்க்கலாம். கையிலுள்ள மெஷினைக் கழுத்தில் ஒட்டிப் பரிசோதிக்க வேண்டாம், அதன் அலை வேறு.

தேன்சிட்டு:
இடது லீட் வலது கையில் நன்றாகவே அசைக்கிறது. ஈஎம்ஜிக்குத் தேதி வாங்கியாயிற்று. நரம்பு மாற்றுக்கு நாள் கடந்திருந்தால்?

கைமருத்துவம்:
தசைநாண் மாற்று இருக்கிறது, அதற்குக் கெடு இல்லை. பிரேக்கியோரேடியாலிஸ் என்ற, முழங்கையை மடக்க உதவும் தசையை மணிக்கட்டைத் தூக்கும் தசைநாணோடு தைப்பார்கள். அது இடதில் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம். கட்டைவிரல் மேலே பார்த்தபடி முழங்கையை மடக்கச் சொல்லி, மணிக்கட்டில் எதிர்த்துப் பிடியுங்கள். முன்கையின் கட்டைவிரல் ஓரத்தில் கயிறு மாதிரி புடைத்து எழுந்தால், இருக்கிறது.