அச்சு நூலும் மின்னூலும்: பக்க எண்ணை எவ்வாறு குறிப்பது?

கேள்வி:
ஒரு நூலின் சில இயல்களை அச்சிலும் மற்றவற்றை மின்னூலிலும் படித்தேன். மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்க எண்ணும் மாறிவிடுகிறது. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) நடையைப் பின்பற்றும் ஆய்வேட்டில் இதை எவ்வாறு குறிப்பிட வேண்டும்?

மறுமொழி 1:
நிலையான பக்க எண் இல்லாத மின்னூலுக்கு இயல் எண், உட்தலைப்பு, பத்தி எண் ஆகியவற்றில் பொருத்தமானதைத் தரலாம். கிண்டில் மின்னூல் கருவி காட்டும் இருப்பிட எண்ணை ஏபிஏ ஏற்பதில்லை. இயன்றால் எல்லா மேற்கோள்களையும் அச்சுப் பதிப்பில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். தேர்வாளர் பெரும்பாலும் அதைத்தான் புரட்டுவார்.

மறுமொழி 2:
அச்சுப் பக்கங்களை அப்படியே படியெடுத்த பிடிஎஃப் என்றால் இச்சிக்கலே இல்லை. ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு டிஓஐ (கட்டுரைக்கான நிலையான மின் அடையாள எண்) இருந்தால் அதையே தருக; கட்டுரை வேறு தளத்துக்கு மாறினாலும் பதிப்பாளர் இணைப்பைப் புதுப்பிப்பதால் அது வாசகரைச் சரியான இடத்துக்கே கொண்டு சேர்க்கும். 2019இல் வெளிவந்த ஏபிஏ கையேட்டின் ஏழாம் பதிப்பின்படி வெளியீட்டு ஊரின் பெயர் தேவையில்லை (பழைய கையேடுகளை நம்பி இன்னும் பலர் எழுதுகிறார்கள்). பார்த்த நாளைக் குறிப்பதும், காலப்போக்கில் மாறக்கூடிய, காப்பகப்படுத்தப்படாத இணையப் பக்கங்களுக்கு மட்டுமே.

கேட்டவர்:
நன்றி. துணைநூற்பட்டியலில் இரு வடிவங்களுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டுமா?

மறுமொழி 1:
உள்ளடக்கம் ஒன்றே என்றால் மின்னூல் என்று தனியே குறிக்க வேண்டியதில்லை. ஒரே பதிவு போதும். மின்பதிப்பு திருத்தப்பட்டிருந்தால் மட்டும் பிரித்துக் காட்டுங்கள்.