ஆய்வகத்துக்கு எக்செல் போதும்னு மேடையில சொன்னவருக்கு

வேளிமலை:
நேத்து நாகர்கோவில்ல ஒரு பயிலரங்கு. ஆராய்ச்சி பண்ணுத பிள்ளையளுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு சொல்லிக் குடுக்கதா நோட்டீஸ். வந்த ஆளு மைக்கைப் பிடிச்சதும் தீர்ப்பு சொல்லிட்டாரு: "எக்செல் போதும். ஆர் மொழி, பைத்தான், ஆரிஜின் எல்லாம் பந்தா." (ஆரும் பைத்தானும் கணக்குக்கு நிரல் எழுதுத மொழி, ஆரிஜின் வரைபடம் போடுத சாஃப்ட்வேர்.) பிள்ளையள் கை தட்டுது. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. எக்செல்லைத் திறந்து இங்கிலீஷ் எழுத்துல எம்ஏஆர்-1னு அடிச்சு என்டர் தட்டுங்க. என்ன வருது? மார்ச் 1. இங்க கிணத்துத் தண்ணி சாம்பிளுக்கு ஊர்ப் பேரை வச்சுத்தான் குறியீடு போடுவாவ. மார்த்தாண்டம்னா எம்ஏஆர். மார்த்தாண்டத்துத் தண்ணி பூரா மார்ச் மாசத்துக்குப் போயிரும். எம்ஏஆர்-72 அடிச்சா 1972 மார்ச். தண்ணி கோரின பய அப்போ பொறக்கவே இல்ல.

கோட்டாறு அண்ணாச்சி:
அந்த ஆளுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா தம்பி, கட்டத்தை மொதல்ல டெக்ஸ்ட்னு மாத்திட்டு அடிக்கணும். ரெண்டு கிளிக். இதுக்கா இவ்வளவு ஒப்பாரி? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்.

வேளிமலை:
அடிக்கது யாரு அண்ணாச்சி? கருவி அளவையெல்லாம் காற்புள்ளி போட்டுப் பிரிச்ச உரைக் கோப்பா, சிஎஸ்வின்னு தருது. பய அதை டபுள் கிளிக் பண்ணுதான். எக்செல் ஒரு வார்த்தை கேக்காமத் திறக்கும், திறக்கும்போதே மார்ச் ஆக்கிரும். பொறவு நீங்க டெக்ஸ்ட்னு மாத்தினா எம்ஏஆர் திரும்பி வராது. 45352ன்னு ஒரு எண்ணு நிக்கும். 2024 மார்ச் 1க்கு எக்செல் உள்ளுக்குள்ள வச்சிருக்க எண்ணு அது. அப்படியே சேவ் பண்ணினா மூலக் கோப்பும் போச்சு.

இது எனக்கு மட்டும் வந்த நோவு இல்ல. மார்ச்1, செப்ட்2ன்னு மனுச ஜீனுக்குப் பேரு இருந்தது. எக்செல் அதையெல்லாம் தேதியாக்குதுன்னு 2004லயே கட்டுரை வந்தாச்சு. 2016ல ஜீனோம் பயாலஜி இதழ்ல இன்னொண்ணு: எக்செல்ல ஜீன் பட்டியல் இணைச்ச கட்டுரையள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணுல இந்தப் பிழை. கடைசில 2020ல ஜீனுக்குப் பேரு வைக்கிற கமிட்டியே மார்ச்1ஐ மார்ச்எஃப்1 ஆக்கிச்சு, செப்ட்1ஐ செப்டின்1 ஆக்கிச்சு. பேரு வச்சவன் ஒதுங்கினான், எக்செல் ஒதுங்கல. இதுதான் உங்க "போதும்".

கோட்டாறு அண்ணாச்சி:
பழைய பஞ்சாங்கம். 2023ல மைக்ரோசாஃப்ட் அதை நிப்பாட்ட வழி வச்சாச்சு. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டான்னு போயி டிக்கை எடுத்தா தீந்தது. படிச்சிட்டுப் பேசணும் மக்கா.

வேளிமலை:
படிச்சேன். நீங்க முழுசாப் படிச்சேளா? எழுத்தும் எண்ணும் ஒட்டி இருந்தா விட்டுருமாம். நடுவுல இடைவெளியோ கோடோ இருந்தா அப்பவும் தேதியா எடுக்கலாம்னு அவியளே எழுதி வச்சிருக்காவ. எம்ஏஆர்-1ல கோடு இருக்கு. நடுவுல. கோடு. இன்னொருக்கா சொல்லணுமா? போகட்டும், இங்க பாதி ஆய்வகத்துல கிடக்கது எக்செல் 2010. 2020 அக்டோபரோட மைக்ரோசாஃப்ட் கைகழுவின சரக்கு. அதுல உங்க டிக்கை எங்க போயி எடுக்க?

கோட்டாறு அண்ணாச்சி:
அப்ப கோட்டை எடு.

வேளிமலை:
எடுத்தா 2010ல அப்பவும் மார்ச் 1 தான்.

கோட்டாறு அண்ணாச்சி:
கோட்டுக்குப் பதிலா அடிக்கோடு (_) போடு.

வேளிமலை:
பாட்டில் பூரா ஒட்டின லேபிளை நீங்க வந்து கிழிச்சு ஒட்டுவேளா? சாம்பிளோட பேரை மாத்தணும், கோட்டை மாத்தணும், ஜீனோட பேரை மாத்தணும். சாஃப்ட்வேரை மட்டும் மாத்தப்பிடாது. நல்ல நியாயம்.

குழித்துறைக்காரி:
அண்ணன்மாரே, ஒரு நிமிசம். எதை வச்சு நல்லது கெட்டது சொல்லுதோம்னு மொதல்ல பேசலாமே. விலையா? பத்து வருசம் கழிச்சும் கோப்பு திறக்குமாங்கதா? நான் போட்ட கணக்கை இன்னொருத்தி அப்படியே திருப்பிப் போட முடியுமாங்கதா? வேலையும் ஒண்ணு இல்ல. மைக்ரோஸ்கோப் படத்தை அளக்க இமேஜ்ஜே இருக்கு, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல செஞ்சது, காசு கிடையாது. மேற்கோள் அடுக்க ஜோட்டரோ, அதுவும் இலவசம். இதையும் எக்செலையும் ஒரே தராசுல வைக்க முடியுமா?

பொறவு இன்னொண்ணு. வேளிமலை அண்ணன் மார்த்தாண்டம்ங்கற கிணறு எந்தக் கிணறு? மார்த்தாண்டமே குழித்துறை நகராட்சிக்குள்ளதான் கிடக்கு. குழித்துறைன்னு குறியீடு போட்டிருந்தா தேதியும் ஆகியிருக்காது, சண்டையும் வந்திருக்காது.

வேளிமலை:
தங்கச்சி, பஸ்சுல ஏறி குழித்துறைக்கு ஒரு டிக்கெட் வாங்கிட்டு மார்த்தாண்டத்துல இறங்கிப் பாரு, கண்டக்டர் என்ன சொல்லுதான்னு. நகராட்சி பேரு போர்டுல இருக்கும். சனம் சொல்லுதது மார்த்தாண்டம்.

குழித்துறைக்காரி:
நான் கேட்ட மூணு கேள்வியையும் விட்டுட்டு இதுக்கு மட்டும் பதில். கொள்ளாம். மேற்க உள்ளவங்களுக்கு ஊர் எல்லை சொல்லிக் குடுக்க வேளிமலையில இருந்து ஆளு வரணும்.

மணவை மணல்:
எங்க தொல்லை வேற. மணல்ல தோரியம்ங்கற கதிரியக்க உலோகம் எவ்வளவுன்னு, மணல்ல இருந்து வருத காமா கதிரை அளந்து நிறமாலை எடுக்கோம். தோரியம் உள்ள மோனசைட் தாது கிடக்க ஊரு, சாம்பிளுக்குப் பஞ்சமில்ல. கருவியோட வந்த சாஃப்ட்வேர் டாங்கிள்னு ஒரு சின்ன உரிமச் சாவியைக் கம்ப்யூட்டர்ல குத்தினாத்தான் எந்திரிக்கும். கோப்பு அதோட சொந்த வடிவம், வேற எதுலயும் திறக்காது. அந்த கம்ப்யூட்டரைப் புதுசாக்கவும் பயம், நெட்டுல மாட்டவும் பயம். எம்ஏஆர் தேதியானா தேதின்னாவது கண்ணுக்குத் தெரியுது. எங்களுக்கு டாங்கிள் தொலைஞ்சா பழைய அளவு எல்லாம் தொலைஞ்சது. இதை எப்படிச் சமாளிக்கியன்னு யாராவது சொல்லுங்களேன்.

கோட்டாறு அண்ணாச்சி:
பாத்தியா, காசு குடுத்து வாங்கின சிறப்பு சாஃப்ட்வேரோட லட்சணம். எக்செல் கோப்பை எங்க கொண்டு போனாலும் திறக்கும்.

வேளிமலை:
திறக்கும். மார்ச் 1ன்னு திறக்கும்.

கோட்டாறு அண்ணாச்சி:
உன் ஆர் மொழி மட்டும் யோக்கியமா? 2020ல 4.0 வரதுக்கு முன்னால கதை எப்படி? தண்ணி அளவு எழுதின வரிசையில ஒரு இடத்துல "கண்டறியப்படவில்லை"ன்னு ஒரு சொல் கிடந்தா போதும், வரிசை முழுக்க ஃபேக்டர், அதாவது எண்ணா இல்லாம வகைப் பேரா ஆயிரும். அதை எண்ணா மாத்தினா அளவு வராது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு உள்வரிசை எண்ணு வரும். பாக்க எண்ணு மாதிரியே இருக்கும், சராசரியும் வரும். எத்தனை ஆய்வேடு அதுல மூழ்கிச்சோ. தேதியாவது கண்ணை உறுத்தும், இது உறுத்தாது. அதைப் பத்தி ஏன் வாயைத் திறக்கல?

வேளிமலை:
அது வேற விசயம். அவிய திருத்திட்டாவ. எக்செல்?

இங்கிலாந்துல 2020ல என்ன நடந்தது? கொரோனா பரிசோதனை முடிவைப் பழைய எக்செல் கோப்பு வடிவத்துல ஏத்தினாவ. அதுல 65,536 வரிதான் பிடிக்கும். மிச்சம் வெளிய விழுந்தது. 15,841 பேரோட முடிவு நேரத்துக்குக் கணக்குல வரல. அந்த ஆளுவளோட பழகினவங்களைத் தேடதும் தாமதமாச்சு. ஒரு அரசாங்கமே இப்படி முழிச்சது. நம்ம பய எம்ஏஆர்-72ஐ வச்சுட்டு 1972க்குப் போனதுல என்ன ஆச்சரியம்?

கோட்டாறு அண்ணாச்சி:
2007ல இருந்தே 10,48,576 வரி பிடிக்கும். பழைய வடிவத்துல சேமிச்சவன் தப்பு. சட்டி ஓட்டைன்னா மண்ணு மேலயா குத்தம்?

வேளிமலை:
மறுபடியும் பயல் தப்பு, பிள்ளை தப்பு, ஜீன் தப்பு. எக்செல் மட்டும் பால்வடியுத முகம்.

பேச்சிப்பாறை:
எல்லாருக்கும் வணக்கம். என் மவ முதுகலை விலங்கியல், புராஜெக்ட் பண்ணணும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். எக்செல் மாதிரி இலவசமாக் கிடைக்குத லிப்ரே ஆஃபீஸ் போட்டா போதுமா?

வேளிமலை:
ஆர் மொழி போடச் சொல்லுங்க. சாம்பிளுக்குப் பேரு வைக்கும்போது நடுவுல கோடு போட்டாலும் அதுல பயமில்ல.

பேச்சிப்பாறை:
அவ மீன் எண்ணுதா. சாம்பிளுக்குப் பேரே இல்ல. லிப்ரே ஆஃபீஸ்?

கோட்டாறு அண்ணாச்சி:
பேச்சிப்பாறை தம்பி, அந்தப் பிள்ளையைக் குழப்பாண்டாம். எக்செல்ல செய்யட்டும், கட்டத்தை டெக்ஸ்ட்னு மாத்தச் சொல்லு. வேளிமலை தம்பிக்கு எக்செல் மேல கோவமில்ல, என் மேலதான். போன வருசம் இவர் வரைபடத்துல அச்சுக்கு அலகு போடலன்னு கூட்டத்துல சொன்னேன். அன்னைக்குப் பிடிச்ச கோவம்.

வேளிமலை:
அலகு போட்டிருந்தேன். எழுத்து சின்னதா இருந்தது, உங்களுக்குத் தெரியல. அதை விடுங்க. அதே கூட்டத்துல உங்க மாணவன் காட்டுன ஆரிஜின் வரைபடத்துக்குக் குறுக்க "டெமோ"ன்னு சாம்பல் நிறத்துல ஓடினது எதுக்கு? காசு குடுத்து வாங்கினதா, ஓசியா? எக்செல் போதும்னா உங்க ஆளுவளுக்கு ஆரிஜின் எதுக்கு?

கோட்டாறு அண்ணாச்சி:
வாயை அடக்கிப் பேசு. அது பரிசோதனைப் பதிப்பு, பொறவு முறையா வாங்கினோம். பில் இருக்கு.

குழித்துறைக்காரி:
பரிசோதனைப் பதிப்பை வச்சு படம் போட்டது தப்பே இல்ல. பேசுததுக்கு அது சம்பந்தமும் இல்ல. மணவை அண்ணன் கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்க. அந்த சாஃப்ட்வேர்ல உரைக் கோப்பா ஏற்றுமதி பண்ண வழி இருக்கான்னு பாருங்க அண்ணே. இருந்தா இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்து வேற இடத்துல வையுங்க.

மணவை மணல்:
இருக்கு. ஒண்ணொண்ணாத்தான் எடுக்க முடியும். நன்றி தங்கச்சி.

வேளிமலை:
எடுத்த உரைக் கோப்பை எக்செல்ல மட்டும் திறந்துராதியோ. பில்லைக் காட்டுங்க அண்ணாச்சி, காத்துட்டு இருக்கோம்.

கோட்டாறு அண்ணாச்சி:
காட்டுவேன். ஸ்கேன் பண்ணிப் போடுதேன்.

வேளிமலை:
எப்போ?

கோட்டாறு அண்ணாச்சி:
ஸ்கேனர் இருக்க அறைச் சாவி ஆபீஸ்காரர் கிட்ட. அவர் திங்கக்கிழமைதான் வருவாரு.

வேளிமலை:
திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு வாறேன். பில்லுல தேதி சரியா இருக்கான்னு பாத்துருவோம்.