கிளிசரின் போத்தலில் எழுதியுள்ள தரத்தை நம்பலாமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு கேள்வி:
மின்சிகரெட்டுத் திரவத்தை வீட்டிலேயே கலக்கும் என் தம்பி, கிளிசரின் போத்தலில் "99.5% தூய்மை" என்று எழுதியிருப்பதே போதும் என்கிறான். தரக்குறியீடு எதுவும் அதில் இல்லை. அவன் சொல்வது சரியா?

பதில்:
சரியல்ல, தங்கச்சி. அந்த விழுக்காடு கிளிசரினின் அளவைச் சொல்லுமேயன்றி, எஞ்சிய அரை விழுக்காட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. யு.எஸ்.பி. எனப்படும் அமெரிக்க மருந்துத் தரநூலின் தரத்தில், டைஎதிலீன் கிளைகோல் என்னும் நச்சுப்பொருள் 0.10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அதுவும் இனிப்பான, நிறமற்ற, பிசுபிசுப்பான திரவமே என்பதால் நாக்கும் கண்ணும் அதைப் பிரித்தறியமாட்டா. 1937இல் அமெரிக்காவில் அதைக் கரைப்பானாகக் கொண்ட மருந்தொன்று நூறு பேருக்கு மேல் பலிகொண்டது. தொகுதி எண்ணும் அதற்குரிய பகுப்பாய்வுச் சான்றிதழும் இல்லாத போத்தலை நான் தொடமாட்டேன்.

முல்லைத்தீவிலிருந்து:
பெரிய கானிலிருந்து சிறு போத்தலுக்கு ஊற்றி, கடைக்காரரே லேபிள் ஒட்டியதை நான் கண்டிருக்கிறேன்.

வவுனியாவிலிருந்து:
யு.எஸ்.பி. என்றிருந்தாலும் அது சுவாசிப்பதற்கான சான்று அன்று. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் உணவில் அனுமதிக்கப்பட்டது. அதன் ஆவியோ நுரையீரலின் சிறு குழாய்களைத் தழும்பாக்கக்கூடியது. எண்ணெய் சார்ந்த வாசனைகளையும் தம்பி கலக்கக் கூடாது. நிக்கொட்டின் கரைசல் தோல்வழியாகவும் உடலில் ஏறும் என்பதால், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.