பிப்ரவரியில் மசாய் மாரா: ஆற்றைக் கடக்கும் கூட்டத்தைப் பார்க்க முடியுமா? அம்மாவுக்கு ஊசி போடலாமா?

வைகைக்கரை:
வணக்கம். வரும் பிப்ரவரியில் அம்மாவையும் (66 வயது, முதுகுவலி உண்டு) கூட்டிக்கொண்டு கென்யா போகலாம் என்றிருக்கிறோம். நைரோபியிலிருந்து வேனில் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம், அங்கே மூன்று இரவு, வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் ஒருவகை மான்) கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைக் கட்டாயம் பார்க்கலாம் என்கிறார் ஏஜென்ட். டிவியில் அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு இந்த ஆசையே வந்தது. இது சரிதானா? மஞ்சள் காய்ச்சல் ஊசியை இந்த வயதில் போடலாமா? முன்பணம் இன்னும் கட்டவில்லை.

காட்டுவழி:
கட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பிப்ரவரியில் அந்தப் பெருங்கூட்டம் கென்யாவிலேயே இருக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை தான்சானியாவில், செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குத் தெற்கே நிடுட்டு பக்கம் கன்று ஈன்றுகொண்டிருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த மண் அது. அங்கே முளைக்கும் குட்டைப் புல்லில் தாதுச்சத்து அதிகம், பால் கொடுக்கும் தாய் வில்டபீஸ்ட்களுக்கு அதுதான் வேண்டும். மழை ஓய்ந்து புல் காய்ந்ததும் வடக்கே நகரும். மாரா ஆற்றுக்கு வந்து சேர ஜூலை ஆகிவிடும். அக்டோபர் வரை இக்கரைக்கும் அக்கரைக்குமாகக் கடந்துகொண்டிருக்கும்.

அப்போது போனாலும் இன்ன நேரத்தில் கடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் கரையில் வந்து நிற்கும். முன்னால் நிற்பது தண்ணீரை மோந்து பார்த்துப் பின்வாங்கும். அத்தனையும் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பி ஓடும். மதியம் வரை காத்திருந்தவர்கள் வெறுங்கையோடு போவதும் உண்டு. அதனால் 'கட்டாயம்' என்று சொல்லும் ஏஜென்ட்டை எந்த மாதத்திலும் நம்பாதீர்கள்.

செலவையும் பாருங்கள். 2024இல் வந்த மாரா நுழைவுக் கட்டணப்படி வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி–ஜூன் 100 டாலர், ஜூலை–டிசம்பர் 200 டாலர். டிக்கெட் 12 மணி நேரத்துக்குத்தான், காலை 6 முதல் மாலை 6 வரை. பேக்கேஜில் இது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிப்ரவரியை மாற்ற முடியாதென்றால் மாரா வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி எல்லாம் வருடம் முழுக்க அங்கேயே இருப்பவை. ஒரு இரவைக் குறைத்து அம்போசெலி தேசியப் பூங்காவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் மேகம் மூடும் முன் கிளிமஞ்சாரோ தெரியும், அதன் முன்னே யானைகள் வரிசையாகச் சதுப்பு நிலத்துக்குப் போகும். ஆற்றுக் காட்சி கிடைக்காது என்பதை மட்டும் அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

தென்காசி செவிலி:
ஊசி விஷயத்துக்கு வருகிறேன். கென்யா போய்விட்டு, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

ஆனால் 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், கூடுதல். முட்டை அலர்ஜி இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டாலோ ஆபத்து. அம்மாவின் மருந்துச் சீட்டோடு முதலில் டாக்டரைப் பாருங்கள், பிறகு விமான டிக்கெட். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வைகைக்கரை:
இருவருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர் ஊசி வேண்டாம் என்றுவிட்டால்?

காட்டுவழி:
தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். அந்த நாட்டில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் மஞ்சள் காய்ச்சல் நாடுகளில் உள்ள நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போகும் விமானத்தைத் தவிர்த்து, தோஹா அல்லது துபாய் வழியாகப் போடுங்கள். முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகள் என்பதால் முதுகுக்கும் நல்லது.

கென்யாதான் என்றால் வேனைத் தவிர்த்து, நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் மாரா போய்விடுங்கள். ஐந்தாறு மணி நேரக் குலுக்கல் மிச்சம். 15 கிலோவுக்குமேல் ஏற்றமாட்டார்கள், துணிப் பையாக எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் வேண்டும். பிளாஸ்டிக் பை எதையும் கொண்டுபோகாதீர்கள், கென்யாவில் 2017இலிருந்து தடை.