ஃபார்மல் வெரிஃபிகேஷன் டூல்களுக்கு கான்ட்ரிப்யூட் பண்ண பிஎச்டி வேணுமா?

கோடுமழை:
எல்லாருக்கும் வணக்கம். நான் பேக்எண்ட் டெவலப்பர், ஜாவா நல்லா வரும், ரஸ்ட் ஓரளவு வரும். கொஞ்ச காலமா ஃபார்மல் வெரிஃபிகேஷன் மேல பைத்தியமா இருக்கேன், அதாவது நாலு இன்புட் குடுத்து டெஸ்ட் பண்ணிட்டு விடாம, எந்த இன்புட் வந்தாலும் இந்த கோடு தப்பு பண்ணாதுன்னு கணக்குல நிரூபிக்கிற மாதிரி நிரூபிக்கிறது. எஸ்இஎல்4-ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் கர்னல் பத்தி படிச்சப்போ தூக்கமே வரல, 2009-ல ஆஸ்திரேலியாவுல சுமார் 8,700 வரி சி கோடுக்கு இசபெல்ங்கிற ப்ரூஃப் டூல்ல ரெண்டு லட்சம் வரி ப்ரூஃப் எழுதியிருக்காங்க. இந்த டூல்களை யூஸ் பண்றதோட நிக்காம உள்ள போய் ஏதாவது செய்யணும்னு ஆசை. ஆனா கிட்ஹப்ல இஷ்யூ லிஸ்ட்டை திறந்தா பாதி தலைப்பே புரியல, லாஜிக், டைப் தியரி எல்லாம் காலேஜ்ல தொட்டது கூட கிடையாது. எங்க ஆரம்பிக்கிறது? மெயின்டெய்னர்கள் நேரத்தை வீணடிச்சுடுவேனோன்னு தயக்கமாவும் இருக்கு.

அரைப்புள்ளி:
பிஎச்டி எல்லாம் வேணாம் ப்ரோ, தைரியமா வாங்க. வெளிய இருந்து பார்க்கிறப்ப எல்லாமே தியரி மாதிரி தெரியும், உள்ள போனா முக்கால்வாசி நமக்கு பழகின இன்ஜினியரிங் தான். டாஃப்னியை எடுத்துக்கோங்க, கோடோட அது நிறைவேத்த வேண்டிய நிபந்தனையையும் சேர்த்து எழுதுற மொழி, டூல் முக்கியமா சி ஷார்ப்ல எழுதினது, நீங்க எழுதுற ப்ரோகிராமை பூகின்னு ஒரு நடுமொழிக்கு மாத்தி அதை இசட்3-ங்கிற சால்வர்கிட்ட (லாஜிக் சூத்திரத்துக்கு தீர்வு இருக்கான்னு தேடுற டூல்) கேள்வியா அனுப்பும். பார்சர் இருக்கு, எடிட்டர் எக்ஸ்டென்ஷன் இருக்கு, எரர் மெசேஜ் இருக்கு. ப்ரூஃப் ஃபெயில் ஆகுறப்ப "இந்த போஸ்ட்கண்டிஷன் (ஃபங்ஷன் முடியறப்ப உண்மையா இருக்க வேண்டிய நிபந்தனை) நிக்காம போகலாம்"னு மட்டும் சொன்னா யூஸர் என்ன பண்ணுவாரு? அந்த மெசேஜை தெளிவாக்குறதே பெரிய உதவி, இந்த டூல் பக்கம் வந்துட்டு திரும்பிப் போனவங்கள்ல நிறைய பேர் அங்கதான் வெறுத்துப் போனாங்கன்னு நான் நினைக்கிறேன்.

இன்னொன்னு சவுண்ட்னஸ் பக். கோடு தப்பா இருக்கு, ஆனா டூல் "வெரிஃபைட்"னு சொல்லுது. இந்த உலகத்துல இதை விட மோசமான பக் கிடையாது, க்ராஷ் ஆனா கூட பரவால்ல. இப்படி ஒண்ணு மாட்டினா அதை சின்னதாக்கிக் குடுக்கிறது தங்கமான கான்ட்ரிப்யூஷன். பெரிய ஃபைலை எடுத்து ஒவ்வொரு ஃபங்ஷனா தூக்குங்க, எதைத் தூக்கினா பக் காணாம போகுதோ அதை திரும்ப வைங்க, இப்படியே பத்து பதினஞ்சு வரி ஆகுற வரைக்கும். கடைசியில "அசெர்ட் ஃபால்ஸ்"ஸே பாஸ் ஆகுதுன்னு, அதாவது பொய்யையே டூல் உண்மைன்னு ஒத்துக்குதுன்னு காட்டிட்டா அதுக்கு மேல யாரும் விவாதம் பண்ண முடியாது. ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க போட்ட அசம்ப்ஷன்கள் ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கான்னு பாருங்க, முரண் இருந்தா அதுல இருந்து எதை வேணா நிரூபிக்கலாம், அது டூலோட குத்தம் இல்ல.

மூன்றாம்_திரி:
அரைப்புள்ளி சொல்றதுல எனக்கு ஒரு மாற்றுக்கருத்து. இஷ்யூ லிஸ்ட்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. முதல்ல ஏதாவது நிஜமான கோடை எடுத்து நிரூபிக்கப் பாருங்க, எங்க முட்டிக்கிட்டு நிக்குறீங்களோ அங்கதான் உங்க பேட்ச் இருக்கு.

ஜாவா ஆளுங்கிறதால இதைச் சொல்றேன், டிம்சார்ட்ங்கிற வரிசைப்படுத்துற அல்காரிதத்தோட கதை கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். 2002-ல டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதினது, பிறகு ஜாவாவுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் போச்சு, அத்தனை பேரும் வருஷக்கணக்கா ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. லிஸ்ட்ல ஏற்கனவே வரிசையா இருக்கிற துண்டுகளைக் கண்டுபிடிச்சு அதோட நீளங்களை ஒரு ஸ்டாக்ல வச்சு மெர்ஜ் பண்ணும். ஸ்டாக்ல ஒவ்வொரு துண்டும் தனக்கு மேல இருக்கிற ரெண்டோட கூட்டுத்தொகையை விட பெருசா இருக்கணும்கிறது விதி. அப்படி இருந்தா ஸ்டாக் ரொம்ப ஆழமா போகாது, அதை நம்பித்தான் அர்ரே சைஸை முன்கூட்டியே கம்மியா வச்சிருந்தாங்க. 2015-ல கீ (KeY)ங்கிற ஜாவா வெரிஃபிகேஷன் டூலை வச்சு ஒரு குழு இந்த ஜாவா கோடை நிரூபிக்கப் பார்த்தா, ப்ரூஃப் ஓட மாட்டேங்குது. காரணம் என்னன்னா, கோடு ஸ்டாக் உச்சியில இருக்கிற சில துண்டுகளை மட்டும் செக் பண்ணுது, அதுக்கு கீழ விதி உடையறதை அது பார்க்கிறதே இல்ல. 6.7 கோடி எலிமெண்ட் உள்ள அர்ரேயை குறிப்பிட்ட விதமா அடுக்கி குடுத்தா இண்டெக்ஸ் எக்ஸெப்ஷன் அடிச்சு விழுந்துச்சு. தீர்வு கூடுதலா ஒரே ஒரு கண்டிஷன், அதை பைத்தான் ஏத்துக்கிச்சு, ஜாவா பக்கம் முதல்ல அர்ரே சைஸை மட்டும் பெருசாக்கினாங்க, அது எனக்கு இன்னைக்கும் உறுத்தல் தான். நிரூபிக்க முடியாம போன ப்ரூஃப்ல இருந்து இவ்வளவு பேர் யூஸ் பண்ற லைப்ரரிக்கு ஃபிக்ஸ் போயிருக்கு பாருங்க, இதையும் டூலிங் கான்ட்ரிப்யூஷன்னு தான் நான் சொல்லுவேன்.

ஜாவால டூல் உள்ளயே கை வைக்கணும்னா சிஸ்டம் டிசைனை கணக்கா எழுதுற மொழியான டிஎல்ஏ ப்ளஸ்ஸோட டிஎல்சி மாடல் செக்கர், அதாவது அந்த டிசைன் போகக்கூடிய நிலைகளை எல்லாம் தேடிப் பார்க்கிற டூல், ஜாவால தான் இருக்கு. அமேசான்ல டைனமோடிபி டேட்டாபேஸ் டிசைன்ல அது கண்டுபிடிச்ச ஒரு பக் 35 ஸ்டெப் போனா தான் வெளிய தெரியும், எந்த டெஸ்ட்டும் அதைப் பிடிச்சிருக்காது.

வேம்படி:
தம்பி ரஸ்ட்டும் தெரியும்னு சொல்லியிருக்கார், அப்போ ரஸ்ட் கோடை வெரிஃபை பண்ற கானி தான் என் ஓட்டு. டூலும் ரஸ்ட்லயே எழுதினது, அடியில சிபிஎம்சிங்கிற சி ப்ரோகிராம் மாடல் செக்கர். பைனரி சர்ச்ல நடு இடம் கண்டுபிடிக்க லோவையும் ஹையையும் கூட்டி ரெண்டால வகுப்போம்ல, அது ஜாவா லைப்ரரியில ஓவர்ஃப்ளோ ஆகும்னு, அதாவது கூட்டுத்தொகை அந்த டைப்ல அடங்காம போகும்னு 2006-ல ஜாஷுவா ப்ளோக் எழுதினாரு. அதே மாதிரி ஒரு ஃபங்ஷனை ரஸ்ட்ல எழுதி, ரெண்டு நம்பருக்கும் மதிப்பு எதுவும் குடுக்காம "எதுவா வேணா இருக்கலாம்"னு கானிகிட்ட விடுங்க. எல்லா மதிப்பையும் ஒரே சூத்திரமா மாத்தி, கூட்டுற வரியை சுட்டிக்காட்டி ஃபெயில்டுன்னு சொல்லும், எந்த ரெண்டு நம்பருக்கு உடையுதுன்னு கேட்டா அதையே யூனிட் டெஸ்ட்டாவும் எழுதித் தரும். லூப் வந்தா மட்டும் எத்தனை சுத்துன்னு நீங்க சொல்லணும், கம்மியா சொன்னா அதுவே கண்டுபிடிச்சு எச்சரிக்கும்.

ரஸ்ட் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில இருக்கிற அன்சேஃப் கோடை (மெமரி பாதுகாப்பை கம்பைலர் முழுசா சரிபார்க்காம எழுதினவரை நம்பி விடுற கோடு) வெரிஃபை பண்ண 2024 கடைசியில இருந்து அமேசானும் ரஸ்ட் ஃபவுண்டேஷனும் பொதுச் சவால்கள் விட்டிருக்காங்க, பரிசுத்தொகையும் உண்டு. ஒரு ஃபங்ஷனுக்கு ப்ரீகண்டிஷன், அதாவது அதைக் கூப்பிடுறப்ப உண்மையா இருக்க வேண்டிய நிபந்தனை, எழுதுறதே ஒரு பேட்ச். அன்சேஃப் ஃபங்ஷன் மேல கமெண்ட்ல "பாயிண்டர் சரியா இருக்கணும்"னு இங்கிலீஷ்ல எழுதியிருப்பாங்களே, அதை மெஷின் செக் பண்ற மாதிரி எழுதிப் பாருங்க, "சரியா"ங்கிற ஒரு வார்த்தைக்குள்ள நாலஞ்சு நிபந்தனை ஒளிஞ்சிருக்கும்.

தியரி வேணும்னா என்பிடெல்ல சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட் ஆளுங்க நடத்தின மாடல் செக்கிங் கோர்ஸ் ஃப்ரீயா இருக்கு, பொறுமையா பாருங்க.

கோடுமழை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், வேம்படி அக்கா சொன்ன மாதிரி கானில ஆரம்பிக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், கானியோ டாஃப்னியோ சால்வரை நம்பித்தானே இருக்கு, அந்த சால்வர்லயே பக் இருந்தா?

அரைப்புள்ளி:
இருக்கும் ப்ரோ, இசட்3-ல தப்பான பதில் வர்ற பக்கெல்லாம் ஃபஸ்ஸிங் பண்ணி, அதாவது தானா உருவாக்கின இன்புட்களை அள்ளிக் கொட்டி, நிறைய பிடிச்சிருக்காங்க. லீன், ராக் மாதிரி ப்ரூஃப் எழுதுற டூல்கள்ல இதுக்கு வேற வழி, ராக்னா முன்னாடி காக்னு இருந்தது தான். ப்ரூஃபை யார் எழுதினாலும், ஏஐயே எழுதினாலும், கடைசியில டூலோட கர்னல்ங்கிற ஒரு சின்ன மையப் பகுதி ஒவ்வொரு ஸ்டெப்பையும் திரும்ப சரிபார்க்கும், நம்ப வேண்டியது அந்த கர்னலை மட்டும். சால்வர் பக்கமும் "இதுக்கு தீர்வு இல்ல"ன்னு வெறும் வாயால சொல்லாம ப்ரூஃபையும் சேர்த்துக் குடுன்னு கேட்கிற வேலை நடக்குது, சிவிசி5-ங்கிற சால்வர் அப்படிக் குடுக்கும். அந்த ப்ரூஃபை சரிபார்க்கிற செக்கர்கள் அளவுல சின்னது, சிலது ரஸ்ட்லயே எழுதினது. கானி பழகினதும் அதுல ஒண்ணை க்ளோன் பண்ணி கோடை படிச்சுப் பாருங்க, சந்தேகம் வந்தா இதே த்ரெட்ல கேளுங்க.