பழைய மஹிந்திரா பிக்கப்பில் ஏசி: கோத்தகிரியில் குளிர்கிறது, மேட்டுப்பாளையத்தில் கம்ப்ரஸர் நின்றுவிடுகிறது. உதவி தேவை

கோத்தகிரி பிக்கப்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பழைய மஹிந்திரா பிக்கப் ஒன்று இருக்கிறது. பியூஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி, டர்போ கிடையாது. அப்பா வாங்கிய வண்டி, விற்கும் எண்ணமே இல்லை. காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதும், உரம் ஏற்றிக்கொண்டு திரும்புவதும்தான் அதன் வேலை. ஏப்ரல், மே மாதங்களில் மண்டி வாசலில் வரிசையில் நிற்கும்போது கேபினுக்குள் உட்கார முடியாது. இன்ஜின் சூடு முழுக்கக் காலடிக்கு வரும். அம்மாவையும் கோவைக்குச் செக்கப்புக்குக் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. அதனால் ஏசி போட்டோம்.

போட்டது இவை: செகண்ட் ஹேண்ட் சான்டன் 508 வகை கம்ப்ரஸர், கேஸின் சூட்டை வெளியே விடும் புது கண்டன்சர், அதன் முன்னால் ஒரு எலக்ட்ரிக் ஃபேன், டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் கூலிங் காயில் பாக்ஸ், ஈரத்தை உறிஞ்சும் புது ட்ரையர், காயிலுக்குக் கேஸை அளந்து விடும் புது எக்ஸ்பான்ஷன் வால்வு. கேஸ் ஆர்134ஏ. எல்லா வேலையும் கோத்தகிரியிலேயே நடந்தது.

இப்போது பிரச்சினை. கேஸ் அடிப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி வேக்கம் போடும்போது கேஜ் முள் 24 அங்குலத்துக்கு மேல் போகவில்லை. 29 வரை போக வேண்டும், எங்கோ லீக் என்று சொல்லி எல்லா ஜாயின்ட்டையும் கழற்றி ஓ-ரிங் மாற்றினார்கள். அப்புறமும் அதே 24. கடைசியில் பரவாயில்லை என்று கேஸ் அடித்துவிட்டார்கள். ட்ரையர் மேல் கேஸ் ஓடுவதைப் பார்க்க இருக்கும் சின்னக் கண்ணாடியில் குமிழி நிற்கும் வரை அடித்தார்கள்.

மேலே இருக்கும்போது நன்றாகக் குளிர்கிறது. கீழே இறங்கி மண்டியில் நின்றால் கொஞ்ச நேரத்தில் கம்ப்ரஸர் கட் ஆகிறது, திரும்பப் போடுகிறது, மறுபடி கட். வண்டி ஓடும்போது அவ்வளவு இல்லை. லோடோடு ஏறும்போது குஞ்சப்பனை தாண்டுவதற்குள் இன்ஜின் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போகிறது. ஏசி போடுவதற்கு முன்னால் இந்த வண்டி ஒருநாளும் சூடானதில்லை. லீக்கா, கம்ப்ரஸர் கோளாறா, இல்லை இந்த இன்ஜினுக்கு ஏசியே தாங்காதா?

குன்னூர் டீத்தோட்டம்:

அண்ணா, உங்கள் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஏசி நம் மலைக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் விட்டுவிட வேண்டாம். பர்லியார், காட்டேரி பக்கம் மழையில் ஏறும்போது உள்கண்ணாடி வேர்த்து வழி தெரியாமல் போகும் இல்லையா, அதற்கு ஏசியைவிட நல்ல மருந்து கிடையாது. காற்றில் இருக்கும் ஈரம் கூலிங் காயிலில் தண்ணீராகப் படிந்து வெளியே போய்விடுகிறது, உலர்ந்த காற்று கண்ணாடியைத் துடைத்துவிடுகிறது. உங்கள் பாக்ஸிலிருந்து ஒரு குழாயைக் கண்ணாடி அடிக்கு இழுத்துவிடுங்கள்.

மேட்டுப்பாளையம் ஏசி வேலை:

முதலில் அந்த 24-ஐப் பார்ப்போம், ஏனென்றால் அங்கேதான் எல்லாம் தடம் மாறியிருக்கிறது.

உங்கள் வண்டியில் அந்த முள் காட்டியது லீக் இல்லை. கோத்தகிரி அவ்வளவுதான் காட்டும். வேக்கம் கேஜ் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் காட்டுகிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்று 29.9 அங்குலப் பாதரசம். உயரம் 1000 அடி கூடக்கூட ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். கோத்தகிரி சுமார் 1800 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்றே 24 அங்குலம்தான். ஊட்டி 2240 மீட்டர், அங்கே 23-ஐத் தொடாது. எங்கள் மேட்டுப்பாளையத்தில்கூட 29 வராது, 28 சொச்சம் வரும். வெளியே 24 இருக்கிற இடத்தில் உள்ளே முழுசாக உறிஞ்சி எடுத்தாலும் 24-க்கு மேல் காட்ட வழியே இல்லை. அதைவிட அதிகமாகக் காட்டினால் கேஜில்தான் கோளாறு.

லீக் பார்க்கும் முறை வேறு. பம்பை நிறுத்தி, கேஜ் வால்வுகளை மூடிவிட்டு அரை மணி நேரம் பாருங்க. முள் நின்ற இடத்திலேயே நின்றால் லீக் இல்லை. மெதுவாகப் பூஜ்யத்தை நோக்கி நகர்ந்து கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. நிற்காமல் பூஜ்யத்துக்கே வந்துவிட்டால்தான் லீக்.

இன்னொன்று, மலையில் வேக்கம் போடுகிறவர்கள் பலர் கவனிக்காதது. வேக்கத்தில் உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து ஆவியாகி வெளியே வர வேண்டும். வெளியே 35 டிகிரி இருந்தால் சுலபமாக வரும். 15 டிகிரி குளிரில் பம்ப் இன்னும் ஆழமாக இழுத்தால்தான் தண்ணீர் ஆவியாகும். அதனால் மேலே போடுகிற வேக்கத்தை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் போட வேண்டும். இன்ஜினைக் கொஞ்சம் ஓட்டி பானட்டுக்குள் சூடு ஏற்றிவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது.

ட்ரையர் கண்ணாடியில் குமிழி நிற்கும் வரை அடித்தார்கள் என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அது ஆர்134ஏ வருவதற்கு முன்னால் இருந்த ஆர்12 கேஸ் காலத்துப் பழக்கம். ஆர்134ஏ சரியான அளவில் இருக்கும்போதும் கண்ணாடி கொஞ்சம் மங்கலாகவோ நுரையாகவோ தெரியலாம். அது தெளியும் வரை அடித்தால் கேஸ் அதிகமாகிவிடும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேஜ் மாட்டி மூன்று அளவு எடுத்துச் சொல்லுங்க: காலையில் இன்ஜின் ஓடாமல் இரண்டு பக்கமும் எவ்வளவு, 1500 ஆர்பிஎம்மில் லோ (குறைந்த அழுத்தப் பக்கம்) எவ்வளவு, ஹை (அதிக அழுத்தப் பக்கம்) எவ்வளவு. அப்போது வெளியே எத்தனை டிகிரி என்பதையும் எழுதுங்க. அது இல்லாமல் மற்ற எண்களுக்கு அர்த்தமே இல்லை.

கம்ப்ரஸர் ஆயில் என்ன போட்டார்கள் என்றும் கேளுங்க. 508 ஆர்12 காலத்து கம்ப்ரஸர். உள்ளே பழைய மினரல் ஆயில் இருந்தால் ஆர்134ஏ-வோடு கலக்காது. ஆயில் காயிலில் போய்த் தங்கிவிடும், கம்ப்ரஸர் வறண்டு பிடித்துக்கொள்ளும். முழுசாக வடித்துவிட்டு, ஆர்134ஏ-வோடு கலக்கும் பிஏஜி ஆயில் போட்டிருக்க வேண்டும்.

கொடைக்கானல் ஜீப்:

நிற்கும்போது மோசம், ஓடும்போது பரவாயில்லை என்றால் கேஸைத் தொடுவதற்கு முன்னால் ஃபேனைப் பாருங்கள். பெருமாள்மலை பக்கம் ஒரு ஜீப்பில் இதே கதை பார்த்திருக்கிறேன். கண்டன்சருக்கு முன்னால் வைத்த ஃபேன் காற்றை இன்ஜின் பக்கம் தள்ள வேண்டும். ஒயர் மாறிவிட்டால் காற்றை வெளியே, முன்பக்கம் தள்ளும். பின்னால் இன்ஜின் ஃபேன் உள்ளே இழுக்க, முன்னால் இது வெளியே தள்ள, நடுவில் கண்டன்சரும் ரேடியேட்டரும் காற்றில்லாமல் வேகும்.

வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டு, கிரில் முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடியுங்கள். கிரில்லோடு ஒட்டினால் சரி. பறந்து உங்கள் மேல் வந்தால் தலைகீழாக ஓடுகிறது.

கோத்தகிரி பிக்கப்:

இருவருக்கும் ரொம்ப நன்றி. காகிதம் என் பக்கம்தான் பறந்தது!

காலையில் வெளியே 17 டிகிரி. இன்ஜின் ஓடாமல் இரண்டு கேஜும் 64 பிஎஸ்ஐ. 1500 ஆர்பிஎம்மில் லோ 44, ஹை 235. ஆயில் பிஏஜிதான், பழையதை வடித்துவிட்டுத்தான் போட்டோம் என்கிறார்கள். வேக்கம் போட்டபோது பம்பை நிறுத்திய பிறகு முள் அசையவில்லை என்றும் சொன்னார்கள். அப்படியென்றால் லீக் இல்லை, சரிதானே?

மேட்டுப்பாளையம் ஏசி வேலை:

லீக் இல்லை. அந்த 64-ம் நல்ல செய்தி. 17 டிகிரியில், உங்கள் உயரத்தில், சுத்தமான ஆர்134ஏ அதைத்தான் காட்ட வேண்டும். காற்று கலந்திருந்தால் அதைவிட அதிகம் காட்டியிருக்கும். ஆனால் அந்த எண் உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று சொல்லாது. சிலிண்டரில் கால் பாகம் இருந்தாலும் முக்கால் பாகம் இருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான், வெப்பநிலையைப் பொறுத்து மட்டுமே மாறும்.

சொல்ல வேண்டியது 235-தான். எங்கள் கணக்கு இது: வெளி வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து 2.2-லிருந்து 2.5 வரை பெருக்கினால் ஹை பக்கம் ஏறக்குறைய வர வேண்டிய அளவு கிடைக்கும். 17 டிகிரி என்றால் 63 ஃபாரன்ஹீட். 140-லிருந்து 157 வரை வந்திருக்க வேண்டும். உங்களுக்கு 235 வருகிறது. கண்ணாடியில் குமிழி நிற்கட்டும் என்று, குளிரில் அடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஃபேன் தலைகீழாக ஓடியது அதோடு சேர்ந்துகொண்டது. அதே வண்டி கீழே இறங்கி 36 டிகிரியில் நிற்கும்போது ஹை பக்கம் 400-ஐ ஒட்டிப் போகும், பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரைக் கட் பண்ணும். ஸ்விட்ச் வேலை செய்ததால்தான் உங்கள் ஹோஸ் குழாய்களும் கம்ப்ரஸரும் பிழைத்தன. அதை யாராவது பைபாஸ் பண்ணித் தருகிறேன் என்றால் விடாதீங்க.

செய்ய வேண்டியது: முதலில் ஃபேன். ஒயரை மட்டும் மாற்றினால் போதாது. தள்ளும் ஃபேனுக்கும் இழுக்கும் ஃபேனுக்கும் இறக்கையின் வளைவு வேறு. பல ஃபேன்களில் இறக்கையைக் கழற்றித் திருப்பி மாட்டலாம். முடியாவிட்டால் தள்ளும் ஃபேனே வாங்கி வையுங்க. அப்புறம் கேஸ் முழுவதையும் ரிகவரி மெஷினில் எடுக்கச் சொல்லுங்க. தயவுசெய்து காற்றில் திறந்துவிட வேண்டாம். ஒரு கிலோ ஆர்134ஏ, 1400 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். மழையை நம்பி விவசாயம் பண்ணுகிற மலையில் அதைச் செய்யவே கூடாது.

திரும்ப அடிப்பதை மேட்டுப்பாளையத்தில், மதியம், வெயிலில் வைத்துக்கொள்ளுங்க. எந்த இடத்தில் ஏசி அதிகம் உழைக்கப் போகிறதோ அங்கேயே அளவு பார்க்க வேண்டும். நீங்கள் பல வண்டிப் பாகங்களைச் சேர்த்துப் போட்டிருப்பதால் கம்பெனி சொன்ன கிராம் கணக்கு கிடையாது. எனவே தராசில் வைத்து 450 கிராம் ஏற்றி, பிறகு 50 கிராம் 50 கிராமாகக் கூட்டுங்க. கதவு திறந்து, ப்ளோயர் முழு வேகத்தில், 1500 ஆர்பிஎம். ஹை அந்த 2.2 கணக்குக்கு வந்து, வரும் காற்றும் நன்றாகக் குளிர்ந்தால் நிறுத்திவிடுங்க. கண்ணாடியைப் பார்க்கவே வேண்டாம்.

கூடலூர் டிரைவர்:

ஏற்றத்தில் சூடாவதைப் பற்றி. கேஸ் சரியானாலும் அது முழுசாகத் தீராது. உங்கள் இன்ஜின் கீழே சுமார் 60 குதிரைத்திறன். கோத்தகிரி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத இன்ஜினுக்கு அந்த அளவு இழுவையும் குறையும். கம்ப்ரஸர் வேறு நான்கைந்து குதிரைத்திறனைத் தின்னும். லோடோடு ஏறும்போது ஏசியை அணைத்துவிடுங்கள். மறந்துவிடும் என்றால் ஆக்சிலரேட்டர் லீவரில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து, பெடலை முழுசாக மிதிக்கும்போது கம்ப்ரஸர் கிளட்ச் தானாகக் கட் ஆகும்படி செய்யலாம்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஓடுகிறதா? கோத்தகிரியில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றி, மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த மூடி அழுத்தம் பிடிக்காது. இன்ஜின் ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் முழுவதும் இழுக்க வைக்கும் கூடு) இருக்கிறதா? பழைய வண்டிகளில் ரிப்பேருக்குக் கழற்றி, திரும்ப மாட்டாமலே விட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டரின் நடுப்பகுதியில் மட்டும்தான் காற்றை இழுக்கும்.

கோத்தகிரி பிக்கப்:

ஷ்ரவுட் இல்லை. எப்போது போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தகரத்தில் புதிதாக அடித்துப் போட்டாகிவிட்டது. கூலன்ட் ஊற்றி மூடியும் மாற்றினோம்.

கேஸ் எடுத்தபோது மெஷின் 920 கிராம் காட்டியது. ஃபேன் ஒயரை மாற்றி, இறக்கையையும் திருப்பி மாட்டிய பிறகு, மேட்டுப்பாளையத்தில் மதியம் 36 டிகிரியில் ஏற்றினோம். 600 கிராமில் ஹை 228, லோ 34. வரும் காற்று 9 டிகிரி. மண்டி வரிசையில் நின்றபோது கம்ப்ரஸர் ஒருமுறைகூடக் கட் ஆகவில்லை. ஏசியை அணைத்துவிட்டு லோடோடு ஏறினேன், முள் அரவேனு வரைக்கும் நடுவிலேயே நின்றது. அம்மாவை வரும் வாரம் கூட்டிப் போகப் போகிறேன். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். இரவில் பனிமூட்டத்தில் ஹெட்லைட், வைப்பர், ப்ளோயர் எல்லாம் சேர்த்துப் போட்டால், வண்டி ஐடிலில் இருக்கும்போது பேட்டரி விளக்கு மினுக்குகிறது, ஹெட்லைட்டும் மங்குகிறது. ஆல்டர்னேட்டர் பழையது, 35 ஆம்ப் என்று எழுதியிருக்கிறது.

மேட்டுப்பாளையம் ஏசி வேலை:

கூட்டிப் பாருங்க. ப்ளோயர் 12, கண்டன்சர் ஃபேன் 9, கிளட்ச் 4, ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 10, வைப்பர் 4. ஏறக்குறைய 40 ஆம்ப். 35 ஆம்ப் என்பது முழு வேகத்தில் தருவது, ஐடிலில் பாதிகூடத் தராது. 65 ஆம்ப் ஆல்டர்னேட்டர் போடுங்க, செகண்ட் ஹேண்டிலேயே கிடைக்கும். போடும்போது அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயரையும் தடித்ததாக மாற்றணும். பழைய ஒயர் 35 ஆம்ப்புக்குப் போட்டது, புதுசுக்குச் சூடாகி உருகும். ப்ளோயருக்கும் கண்டன்சர் ஃபேனுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ் வையுங்க. ஐடிலையும் கம்ப்ரஸர் போடும்போது இன்ஜின் தடுமாறாத அளவுக்குக் கொஞ்சம் ஏற்றி வையுங்க.